பழைய மோட்டார்ஹோம் ஜன்னலைக் கழற்றி, ஒழுகாமல் திரும்ப மாட்டுவது எப்படி?

வீட்டு வசதிகளோடு கட்டிய பழைய மோட்டார்ஹோம் வண்டி ஒன்றின் ஆயுளை முடிப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். எஞ்சினுக்கு உதிரிபாகம் தேடினால் கிடைத்துவிடும். சுவருக்குள் உளுத்துப்போன மரத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. பிரித்துக் கட்டினால்தான் உண்டு. தண்ணீர் உள்ளே வரும் வழிகளில் கூரைக்கு அடுத்த இடம் ஜன்னல்களுக்கு. நல்ல வேளையாக, ஜன்னலைக் கழற்றித் திரும்ப மாட்டுவது புதிதாகக் கைவைப்பவர்களும் செய்யக்கூடிய வேலை. அது எப்படிச் சுவரில் நிற்கிறது என்பது புரிந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் பொறுமைதான்.

இங்கே சொல்வது 1970களிலிருந்து 1990கள் வரை அமெரிக்காவில் கட்டப்பட்ட வண்டிகளைப் பற்றி. அதிலும் குறிப்பாக, ஃபோர்டு ஈ-350, செவர்லே ஜி30 போன்ற வேன்களின் அடிச்சட்டத்தில் கட்டப்பட்டு, ஓட்டுநர் தலைக்கு மேல் படுக்கை நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த ‘கிளாஸ் சி’ வகை. டொயோட்டா பிக்கப் மீது கட்டப்பட்ட சின்ன வண்டிகளும் இதில் சேரும்.

சுவரும் ஜன்னலும்

இந்த வண்டிகளின் சுவரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, உள்ளே மெல்லிய பிளைவுட், நடுவில் ஒன்றரை அங்குல மரச்சட்டம், சட்டங்களுக்கு இடையே கண்ணாடி நாரோ தெர்மோகோலோ இருக்கும். மொத்தக் கனம் பெரும்பாலும் 2 அங்குலத்துக்குள் அடங்கிவிடும். இன்னொரு வகைச் சுவரில் இந்த அடுக்குகள் எல்லாம் பசையால் ஒட்டி ஒரே பலகையாகச் செய்யப்பட்டிருக்கும். 1966-இல் மோட்டார்ஹோம் தயாரிப்பில் இறங்கிய ஐயோவா மாநிலத்து வின்னபேகோ நிறுவனம் ‘தெர்மோ-பேனல்’ என்ற பெயரில் செய்தது இந்த வகைதான். பிற்பாடு வந்த பல வண்டிகளில் அலுமினியத்துக்குப் பதில் ஃபைபர் கிளாஸ் தோல் வந்தது. எந்த வகையானாலும் ஜன்னலுக்காக வெட்டிய ஓட்டையின் விளிம்பில் மரமும் ஃபோமும் வெட்டுவாயோடு திறந்து கிடக்கும். தண்ணீர் அங்கே எட்டிவிட்டால் மரம் குடித்துக்கொள்ளும்.

ஜன்னல் இரண்டு துண்டுகளாக இருக்கும். முதலாவது, கண்ணாடி பொருத்திய அலுமினிய ஃபிரேம். இது வெளியிலிருந்து ஓட்டைக்குள் நுழையும். அதைச் சுற்றி முக்கால் அங்குலம் அல்லது சற்று அதிக அகலத்தில் ஒரு தட்டையான விளிம்பு உண்டு. அது வெளித்தகட்டின் மேல் படிந்து உட்காரும். இரண்டாவது, உள்பக்கம் தெரியும் வளையம். வளையத்தின் வழியாகப் போகும் ஸ்க்ரூக்கள் சுவர் மரத்தைத் தொடுவதே இல்லை. நேராக ஃபிரேமில் ஏறுகின்றன. அவற்றை முறுக்க முறுக்க, வெளி விளிம்பும் உள்வளையமும் ஒன்றையொன்று இழுத்துச் சுவரை நடுவில் கவ்விக்கொள்ளும். பசையும் இல்லை, ஆணியும் இல்லை. அந்தப் பிடியில்தான் ஜன்னல் முழுவதும் நிற்கிறது.

வெளி விளிம்புக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு பட்டை நசுங்கிக் கிடக்கும். தண்ணீரைத் தடுப்பது அதுதான். வெளியே ஓரத்தில் நம் கண்ணுக்குத் தெரியும் கோடு போன்ற பூச்சு வெறும் துணை. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால், ஏன் பலர் வருடா வருடம் ஓரத்தில் சிலிக்கான் பிதுக்கியும் ஒழுகல் நிற்பதில்லை என்பது விளங்கிவிடும். உள்ளே இருக்கும் பட்டை செத்துப்போயிருக்கிறது. மேலே பூசுவது அதற்கு உயிர் கொடுக்காது. போதாததற்கு, ஏதோ ஒரு மூலையில் நுழைந்த தண்ணீர் முன்பு கீழ்ப்பக்கமாவது வெளியேறிக்கொண்டிருந்தது. நான்கு பக்கமும் பூசிவிட்டால் அதுவும் அடைபட்டு, உள்ளேயே தங்கி மரத்தை ஊறவைக்கும்.

பட்டை ஏன் சாகிறது?

அந்தக் காலத் தொழிற்சாலைகள் பல வண்டிகளில் வைத்தது எண்ணெய் கலந்த புட்டி டேப். விலை குறைவு, கையாள்வது சுலபம். ஆனால் ஆண்டுகள் போகப் போக எண்ணெய் வற்றி, சுண்ணாம்புக் கட்டிபோல் காய்ந்து, விரிசல் விடும். மோட்டார்ஹோம் என்பது ஓடும்போது முறுக்கிக்கொண்டே இருக்கும் உடம்பு. அலுமினியம் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். காய்ந்த புட்டி இந்த அசைவைத் தாங்காது.

பியூட்டைல் டேப் வேறு ஜாதி. இது செயற்கை ரப்பரால் ஆனது. பரோட்டா மாவைப் போல இழுபடும், நசுங்கும், ஒட்டும். ஆனால் பல வருடங்களுக்குக் காயாது. கடையில் வாங்கும்போது இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் என்பதால் சுருளின் மேல் ‘பியூட்டைல்’ என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ‘புட்டி டேப்’ என்று மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள். விலையில் வித்தியாசம் சில டாலர்கள்தான். அதைப் பார்த்து மறுபடியும் புட்டியையே வைப்பது இத்தனை உழைப்புக்கும் அவமரியாதை.

கழற்றும் முன், ஒழுகுவது ஜன்னல்தானா?

ஜன்னலுக்குக் கீழே பலகையில் பழுப்புக் கறை, விரலால் அழுத்தினால் உள்ளே போகும் மூலை, ஃபைபர் கிளாஸ் சுவரில் கொப்புளம் போன்ற உப்பல், மக்கிய வாடை இவையெல்லாம் தண்ணீர் வந்ததற்கு அடையாளம். ஆனால் ஜன்னல் வழியாகத்தான் வந்தது என்று அர்த்தமில்லை. கூரை ஓரத்து உலோகப் பட்டையின் ஸ்க்ரூ துளையிலோ, மேலே உள்ள சின்ன ஆரஞ்சு விளக்கின் அடியிலோ நுழைந்த தண்ணீர் சுவருக்குள் இறங்கி, ஜன்னலின் மேல் ஃபிரேமில் தேங்கி, வளையத்தின் மூலையில் சொட்டும். பார்ப்பவருக்கு ஜன்னல்தான் குற்றவாளியாகத் தெரியும்.

பிரித்தறிய எளிய வழி, கீழிருந்து மேலே நனைப்பது. ஒருவர் உள்ளே டார்ச்சோடு இருக்க, இன்னொருவர் தோட்டத்து ஹோஸ் பைப்பில் அழுத்தமில்லாமல் தண்ணீர் விட வேண்டும். முதலில் ஜன்னலின் கீழ் ஓரத்தில் மட்டும் ஐந்து பத்து நிமிடம். பிறகு பக்கவாட்டு ஓரங்கள். பிறகு மேல் ஓரம். அதற்கும் மேலே கடைசியாகத்தான் போக வேண்டும். எந்தக் கட்டத்தில் உள்ளே ஈரம் தெரிகிறதோ, ஓட்டை அங்கே. மேலிருந்து தொடங்கினால் எல்லாம் ஒரே நேரத்தில் நனைந்து ஒன்றும் தெரியாமல் போகும். பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம். அது நன்றாக இருக்கும் அடைப்பையும் பிய்த்துக்கொண்டு போகும்.

இன்னொரு சாத்தியமும் உண்டு. நகரும் கண்ணாடி உள்ள ஜன்னலில் கீழ்த் தடத்துக்குள் மழைநீர் விழுவது இயல்பு. அது வெளியேற ஃபிரேமின் கீழ்ப்பக்கம் வெளிமுகத்தில் சின்னச் சின்ன வடிதுளைகள் இருக்கும். தூசியும் இறந்த பூச்சிகளும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் நிரம்பி உள்பக்கம் வழியும். அப்போது ஜன்னலைக் கழற்றவே தேவையில்லை. மெல்லிய கம்பியால் குத்தி, தண்ணீர் ஊற்றிக் கழுவினால் முடிந்தது. வடிதுளையை ஓட்டை என்று நினைத்து யாராவது சிலிக்கானால் அடைத்திருப்பார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கி வைக்க வேண்டியவை

பியூட்டைல் டேப் பொதுவாக 1/8 அங்குலக் கனத்தில், முக்கால் அல்லது ஒரு அங்குல அகலத்தில், 30 அடிச் சுருளாக வரும். ஜன்னலின் சுற்றளவுதான் தேவைப்படும் நீளம். 36 அங்குலத்துக்கு 24 அங்குல ஜன்னலுக்குச் சுற்றளவு 120 அங்குலம், அதாவது 10 அடி. கணக்குப்படி ஒரு சுருளில் மூன்று ஜன்னல் வரும். வரி வரியாக மேடுபள்ளம் உள்ள அலுமினியச் சுவராக இருந்தால் பள்ளங்களை நிரப்பக் கூடுதலாக வேண்டும் என்பதால் இரண்டு ஜன்னலுக்கு ஒரு சுருள் என்று வாங்குங்கள்.

அத்துடன் செங்குத்துப் பரப்பில் வழியாத சீலன்ட் (இடைவெளியை அடைக்கும் பூச்சு) ஒரு குழாய். ஜியோசெல் நிறுவனத்தின் புரோஃப்ளெக்ஸ் ஆர்வி இதற்குப் பலரும் பயன்படுத்துவது. கூரைக்கான, தானாகப் பரவும் டைகோர் சீலன்டை இங்கே பிதுக்கினால் சுவரில் ஒழுகிக் கீழே வந்துவிடும். அதைக் கூரைக்கே வைத்துக்கொள்ளுங்கள். படகுகளுக்கான 3எம் 5200 போன்ற நிரந்தரப் பசைகளைத் தொடவே வேண்டாம். அடுத்த முறை ஜன்னலை எடுக்கும்போது தகட்டையே பிய்த்துக்கொண்டு வரும்.

கருவிகளாக ஸ்க்ரூடிரைவர், பிளாஸ்டிக் புட்டிக் கத்திகள் இரண்டு மூன்று, மெல்லிய வெட்டுக்கத்தி, ஹீட் கன் அல்லது நல்ல ஹேர் டிரையர், மினரல் ஸ்பிரிட், ஐசோபுரோபைல் ஆல்கஹால், பழைய துணிகள், கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. மரத்தில் குத்தி ஈரத்தை அளக்கும் முள் வைத்த ஈரமானி ஒன்று இருந்தால் மிகவும் உதவும். கூடவே இன்னொரு மனிதர் கட்டாயம் வேண்டும்.

கழற்றுதல்

வானிலை பார்த்து, இரண்டு மூன்று நாள் மழையில்லாத சமயத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு ஜன்னல் மட்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றினால் மழைக்கு மாட்டிக்கொள்வதோடு, மரச்சட்டம் நைந்த வண்டியில் ஓட்டைகள் கோணிப்போகவும் வாய்ப்புண்டு. ஜன்னல் இல்லாமல் வண்டியை ஓட்டுவதும் இதே காரணத்தால் கூடாது.

நகரும் கண்ணாடியை மூடி டேப் போட்டு ஒட்டுங்கள். உள்வளையத்தின் ஸ்க்ரூக்களை எடுக்கும்போது மேல் மூலைகளில் ஒவ்வொன்றைக் கடைசிவரை விட்டுவைத்து, வெளியே ஒருவர் இரு கையாலும் பிடித்துக்கொண்ட பிறகே அவற்றைக் கழற்ற வேண்டும். புட்டி காய்ந்திருந்தால் ஜன்னல் எதிர்பாராமல் விழும். எடுத்த ஸ்க்ரூக்களில் ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்: துருப்பிடித்தவற்றுக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூ வாங்கும்போது நீளம் அதே அளவு இருக்க வேண்டும். கால் அங்குலம் கூடினாலும் அது ஃபிரேமின் அடியில் முட்டி நின்றுவிடும். முறுக்கியதுபோல் தோன்றும், சுவரைக் கவ்வியிருக்காது.

வளையம் வந்ததும் வெளியே வந்து, விளிம்பைச் சுற்றியுள்ள பழைய பூச்சை வெட்டுக்கத்தியால் கீறுங்கள். பிறகு பிளாஸ்டிக் கத்தியை விளிம்புக்கடியில் மெல்ல நுழைத்து, சில அங்குலமாக நகர்ந்துகொண்டே போக வேண்டும். ஒட்டிக்கொண்டு வராத இடத்தில் சூடு காட்டினால் இளகும். இரும்பு ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்பினால் அந்த மெல்லிய அலுமினிய விளிம்பு மடங்கும். ஒருமுறை மடங்கிய விளிம்பைச் சமமாக்குவது மிகவும் கஷ்டம். அந்த இடத்தில் டேப் ஒரே மாதிரி நசுங்காது. உள்ளிருந்து ஒருவர் உள்ளங்கையால் ஃபிரேமைத் தள்ள (கண்ணாடியைத் தள்ளக் கூடாது), வெளியே இருப்பவர் வாங்கிக்கொள்ளலாம்.

எடுத்த ஜன்னலைச் சிமென்ட் தரையில் நிறுத்தாதீர்கள். இவை பெரும்பாலும் டெம்பர்டு கண்ணாடி. முகத்தில் அடி தாங்கும். ஓரத்தில் ஒரு சின்னத் தட்டுப் பட்டாலும் மொத்தமும் பொடிப்பொடியாகிவிடும். பழைய கம்பளத்தின் மேல் படுக்க வையுங்கள்.

மரம் என்ன நிலையில் இருக்கிறது?

ஓட்டையைச் சுற்றியுள்ள மரத்தை ஒரு கூர்முனையால் குத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்க்கும். உளுத்தது பஞ்சுபோல் இறங்கும். கீழ்ச்சட்டத்தின் இரண்டு மூலைகளும்தான் முதலில் போகும். ஈரமானி 15 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் நிம்மதி. 20-ஐத் தாண்டினால் மூடக் கூடாது. மின்விசிறியோ ஈரம் உறிஞ்சும் கருவியோ வைத்துச் சில நாள் காயவிட வேண்டும். ஈர மரத்தை நல்ல சீலுக்குள் அடைப்பது, உளுப்பதற்கு ஏற்பாடு செய்து கொடுப்பதாகிவிடும்.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள் என்று சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. டேப் நசுங்க வேண்டுமானால் விளிம்பும் வளையமும் கவ்வுவதற்குக் கெட்டியான ஒரு பொருள் நடுவில் இருக்க வேண்டும். உளுத்த மரத்தை எவ்வளவு முறுக்கினாலும் அது உள்ளே அமுங்கிக்கொடுக்கும், டேப்பின் மேல் அழுத்தம் விழாது. புது டேப் வைத்தும் ஒழுகும் ஜன்னல்களில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான் என்பது எங்கள் கணிப்பு.

லேசாக மெத்தென்று ஆன இடத்துக்கு, நன்றாகக் காய்ந்த பிறகு மரத்துக்குள் ஊடுருவும் எபாக்ஸி பிசின் பூசினால் கெட்டிப்படும். பஞ்சாகிப்போன துண்டை நல்ல மரம் வரும்வரை வெட்டி எடுத்து, அதே ஒன்றரை அங்குலக் கனத்தில் காய்ந்த பைன் சட்டத்தை நீர் தாங்கும் மரப்பசையும் ஸ்க்ரூவும் கொண்டு சேர்க்க வேண்டும். சுவரின் மொத்தக் கனம் மாறிவிடக் கூடாது. உள்பக்கம் தடிமனான பலகை மாட்டிவிட்டால் வளையத்தின் ஸ்க்ரூ ஃபிரேமை எட்டாது. கடைசியாக, ஓட்டையின் வெட்டுவாய் முழுவதும் எபாக்ஸியோ வெளிப்புற பிரைமரோ ஒரு பூச்சு கொடுங்கள். தொழிற்சாலையில் இதைப் பெரும்பாலும் செய்ததில்லை. அரை மணி நேர வேலை, பலன் பெரிது.

சுத்தம்

பழைய பியூட்டைலாக இருந்தால் அதையே ஓர் உருண்டையாகப் பிடித்து, ஒற்றி ஒற்றி எடுங்கள். ஒட்டியிருப்பதெல்லாம் உருண்டையோடு வந்துவிடும். புட்டியைப் பிளாஸ்டிக் கத்தியால் சுரண்டி, மிச்சத்தை மினரல் ஸ்பிரிட்டால் துடைக்கலாம். மினரல் ஸ்பிரிட் எண்ணெய்ப் படலம் விட்டுப்போகும் என்பதால் கடைசித் துடைப்பு ஐசோபுரோபைல் ஆல்கஹால்தான். அசிட்டோன் வேண்டாம், வண்டியின் பெயின்டைக் கரைக்கும்.

மிகப் பெரிய தலைவலி முந்தைய உரிமையாளர் பூசிய சிலிக்கான். அது இருந்த இடத்தில் வேறு எந்த சீலன்டும் ஒட்டாது; புது சிலிக்கானே பழைய சிலிக்கானில் சரியாக ஒட்டாது. வினிகர் வாடை அடிக்கும் வகை காயும்போது அமிலம் விட்டு அலுமினியத்தையும் அரிக்கும். எல்லாவற்றையும் சுரண்டி, சிலிக்கான் நீக்கியால் துடைத்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத படலம் தங்கும். அதைக் கண்டுபிடிக்க, அந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். தண்ணீர் படர்ந்து நின்றால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டு உருண்டால் படலம் இன்னும் இருக்கிறது, மறுபடியும் துடைக்க வேண்டும். விளிம்பின் பின்பக்கம், வெளித்தகடு இரண்டிலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

ஜன்னல் மேசையில் இருக்கும்போதே வேறு சில வேலைகளையும் முடித்துவிடலாம். ஃபிரேம் என்பது பெரும்பாலும் ஒரே நீள அலுமினியத்தை வளைத்துச் செய்தது. இரண்டு முனைகளும் ஓரிடத்தில் சேரும். அந்த இணைப்பில் மெல்லிய இடைவெளி இருந்தால், டேப் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தடத்துத் தண்ணீர் அதன் வழியே சுவருக்குள் இறங்கும். உள்பக்கத்திலிருந்து அங்கே சீலன்ட் வையுங்கள். வடிதுளைகளைத் திறந்து வையுங்கள். கண்ணாடியைப் பிடிக்கும் ரப்பர் பட்டை சுருங்கி மூலையில் இடைவெளி விட்டிருந்தாலும், நகரும் கண்ணாடி உரசும் மென்மயிர்ப் பட்டை தேய்ந்திருந்தாலும் மாற்ற வேண்டிய நேரம் இதுதான். அளவு பார்த்து வாங்கும்போது பழைய துண்டைக் கையில் கொண்டுபோவது நல்லது.

டேப் ஒட்டுவது

டேப்பைச் சுவரில் ஒட்டக் கூடாது, ஜன்னல் விளிம்பின் பின்பக்கம் ஒட்ட வேண்டும். கீழ் ஓரத்தின் நடுவில் தொடங்கி, ஒரே துண்டாகச் சுற்றிக்கொண்டு வந்து அதே இடத்தில் முடியுங்கள். இணைப்பு கீழே இருந்தால் அதன் மேல் தண்ணீர் தேங்கி அழுத்தாது. இரண்டு முனைகளையும் இடைவெளி இல்லாமல் முட்டவைத்து, விரலால் பிசைந்து ஒன்றாக்குங்கள். வளைந்த மூலைகளில் இழுக்காதீர்கள். இழுத்த டேப் மெலிந்துபோகும், ஒழுகுவதும் மூலையில்தான். மேலே உள்ள காகிதத்தை ஜன்னலைத் தூக்கும் நேரம்வரை உரிக்க வேண்டாம்.

மேடுபள்ள அலுமினியச் சுவரில் ஒரு கூடுதல் வேலை உண்டு. வரிகள் கிடையாக ஓடுகின்றன. ஆகவே ஜன்னலின் மேல், கீழ் விளிம்புகள் ஏதோ ஒரு வரியின் மேல் நீளவாக்கில் படிந்துவிடும். பக்கவாட்டு விளிம்புகள் அப்படி இல்லை. ஒவ்வொரு வரியையும் குறுக்கே கடக்கின்றன. மேட்டில் டேப் நசுங்கும்போது பள்ளத்தில் காற்று இருக்கும். ஆகவே முதலில் ஜன்னலை டேப் இல்லாமல் வைத்துப் பார்த்து, விளிம்பின் கோட்டைச் சுவரில் பென்சிலால் குறியுங்கள். அந்தக் கோட்டுக்குள் வரும் ஒவ்வொரு பள்ளத்திலும் அதன் அகலத்துக்கு வெட்டிய டேப் துண்டை வைத்து, மேட்டின் மட்டத்துக்கு நிரப்புங்கள். அதன் மேல் விளிம்பின் முழுச் சுற்று டேப் வந்து உட்காரும். மேல் விளிம்பு ஒரு வரியின் படியோரத்தில் பாதி தொங்கினால் அந்த நீளம் முழுவதற்கும் இரண்டாவது அடுக்கு தேவை.

குளிரில் பியூட்டைல் விறைத்துவிடும். 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இந்த வேலையைத் தொடாமல் இருப்பது நல்லது. வேலை செய்யும் சுவரில் வெயில் அடிக்கும்படி வண்டியை நிறுத்தினால் பாதி வேலையை வெயிலே செய்துகொடுக்கும்.

மாட்டி முறுக்குவது

ஓட்டை ஃபிரேமைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். நாலாபக்கமும் இடைவெளி சமமாக வர, கீழே இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளை வைத்து ஃபிரேமைத் தாங்கவிடுங்கள். வடிதுளை உள்ள பக்கம் கீழே என்பதை மறுபடியும் பாருங்கள்; அவசரத்தில் தலைகீழாக மாட்டுவது நடக்கக்கூடியதுதான். காகிதத்தை உரித்து, கீழ் விளிம்பை முதலில் உட்காரவைத்து, மேலே சாய்த்துப் பொருத்துங்கள். பியூட்டைல் தொட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும். உட்கார்ந்த பிறகு நகர்த்த முயன்றால் டேப் சுருண்டுவிடும்.

வெளியே ஒருவர் விளிம்பைச் சுற்றி உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருக்க, உள்ளே வளையத்தை வைத்து எல்லா ஸ்க்ரூக்களையும் இரண்டு மூன்று சுற்று மட்டும் ஏற்றுங்கள். பிறகு ஒரு மூலையில் ஒன்று, எதிர்மூலையில் ஒன்று என்று மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். பேட்டரி ட்ரில் என்றால் மிகக் குறைந்த கிளட்ச் அளவில். கடைசிச் சுற்றுகள் கையால். சுற்றிலும் டேப் மெல்லிய கயிறுபோல ஒரே சீராகப் பிதுங்கி வர வேண்டும். பிதுங்காத இடம் இருந்தால் அங்கே டேப் போதவில்லை. ஜன்னலை எடுத்து, அந்த இடத்தில் இன்னொரு அடுக்கு சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. வெளியே சீலன்ட் வைத்துச் சமாளிக்கலாம் என்ற ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள்.

நன்றாக முறுக்கினால் நன்றாக அடைக்கும் என்று தோன்றும். அப்படியில்லை. ஒரே மூச்சில் இறுக்கினால் ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் டேப் முழுவதும் பிதுங்கி வெளியே போய் உலோகமும் உலோகமும் முட்டிக்கொள்ளும். இரண்டு ஸ்க்ரூக்களுக்கு நடுவில் விளிம்பு தூக்கிக்கொள்ளும். ஃபிரேமின் மெல்லிய அலுமினியத்தில் ஸ்க்ரூவின் புரியும் தேய்ந்துவிடும். பியூட்டைல் மெதுவாக நகரும் பொருள். அதற்கு நேரம் கொடுங்கள். முதல் நாள் இறுகும் அளவுக்கு முறுக்கிவிட்டு நிறுத்தி, மறுநாள் வெயில் பட்ட பிறகு மறுபடியும் ஒரு சுற்று வாருங்கள். எல்லா ஸ்க்ரூவும் கால் சுற்று அரைச் சுற்று எடுக்கும். சில நாள் கழித்து மூன்றாவது சுற்று. அதன் பிறகே பிதுங்கியதை வெட்ட வேண்டும். இரும்புக் கத்தி பெயின்டைக் கீறும். பிளாஸ்டிக் கத்தியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து இழுத்தால் ஒட்டாமல் வெட்டும்.

வெளிப்பூச்சு

வெட்டி, துடைத்து, மேல் ஓரத்திலும் இரண்டு பக்கங்களிலும் மட்டும் மெல்லிய கோடாக சீலன்ட் விடுங்கள். இதன் வேலை பியூட்டைலின் ஓரத்தை வெயிலிலிருந்தும் தூசியிலிருந்தும் காப்பது. கீழ் ஓரத்தை விட்டுவிடுங்கள். என்றாவது ஒருநாள் மேலே எங்கோ தண்ணீர் நுழைந்தால் கீழே வழிந்து வெளியேறும், அந்த ஓரத்தில் கறையாகத் தெரிந்து உங்களுக்குத் தகவலும் சொல்லும். சீலன்ட் காய்ந்ததும் முன்பு சொன்ன ஹோஸ் சோதனையைக் கீழிருந்து மேலாக ஒருமுறை செய்யுங்கள். திரைச்சீலை, பலகை அலங்காரம் எல்லாம் இந்தச் சோதனை முடிந்த பிறகு மாட்டலாம்.

வேறுபடும் ஜன்னல்கள்

சில பழைய வண்டிகளில் உள்வளையம் இருக்காது. வெளி விளிம்பிலேயே துளை போட்டு, மரச்சட்டத்தில் ஸ்க்ரூ ஏற்றி, அவற்றை ஒரு வினைல் பட்டையால் மறைத்திருப்பார்கள். அந்தப் பட்டை வெயிலில் சுருங்கி முனைகளில் இடைவெளி விடும். தண்ணீர் ஸ்க்ரூத் தலைகளில் நின்று துருவேற்றி, துளை வழியே மரத்தில் இறங்கும். இங்கேயும் டேப் வேலை அதேதான். கூடுதலாக, பிடிப்புப் போன ஸ்க்ரூ துளைகளை மரக்குச்சியும் பசையும் அல்லது எபாக்ஸியும் வைத்து அடைத்துப் புதிதாகத் துளைக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்க்ரூவின் கழுத்திலும் துளி பியூட்டைல் சுற்றி ஏற்றுங்கள். வினைல் பட்டையை இழுக்காமல், சற்று நீளமாகவே விட்டு நுழைக்க வேண்டும்.

சிவப்புக் கைப்பிடி உள்ள ஜன்னல் ஆபத்துக்கால வெளியேறும் வழி. அதன் ஃபிரேமைச் சுவரோடு சீல் செய்யலாம், ஆனால் திறக்கும் பகுதியைச் சுற்றி ஒரு சொட்டு சீலன்ட்கூடப் போகக் கூடாது. வேலை முடிந்ததும் உள்ளிருந்து முழுவதும் திறந்து பார்த்துவிடுங்கள். தீ பற்றினால் படுக்கையறையிலிருந்து வெளியேற அது ஒன்றுதான் இருக்கும்.

ஓட்டுநர் தலைக்கு மேலே உள்ள படுக்கையின் முன்பக்க ஜன்னலுக்குத் தனிக் கவனம் வேண்டும். நெடுஞ்சாலை வேகத்தில் மழை அதன் மேல் நேராக அறைகிறது. காற்றழுத்தம் தண்ணீரை மேல்நோக்கியும் தள்ளும். ‘கிளாஸ் சி’ வண்டிகளில் முதலில் உளுப்பது அந்தப் படுக்கையின் அடிமரம்தான். மற்ற ஜன்னல்களைத் தொடும் முன் அந்த மெத்தையைத் தூக்கி, முன் ஓரத்து மரத்தைக் குத்திப் பாருங்கள். அது பஞ்சாக இருந்தால், ஜன்னலைத் திரும்ப மாட்டாமல் மரத்தைப் புதுப்பித்து, ஓட்டையைத் தகடு வைத்து மூடிவிடுவது நல்ல முடிவு. பலரும் அதைத்தான் செய்கிறார்கள். வெளிச்சம் கொஞ்சம் குறையும், படுக்கை காய்ந்தே இருக்கும்.

அதன் பிறகு வருடத்துக்கு இருமுறை, மழைக்காலத்துக்கு முன்னும் குளிர்காலத்துக்கு முன்னும், வடிதுளைகளைக் குத்திவிட்டு, மேல் ஓரத்து சீலன்ட் எங்காவது வாய் பிளந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். பிளந்திருந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக விட வேண்டும். பழையதன் மேலேயே பூசினால் ஒட்டாது.